கழித்துப்போட்ட நாற்பது நிமிடம்

‘முறம்’ என்று கேட்டால் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைக் கைகாட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால்தான் முழிப்பார்கள். டிப்ளமோ படித்தவர். விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி அனுப்பும் பதிவுகளில் குப்பையைப் புடைத்துத் தள்ளிவிட்டு, நல்லதை ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுப்பது அவர் வேலை. சூரியன் துகள்களை வாரி இறைக்கும் நேரங்களில் படம் முழுக்க வெளுத்துப்போகும். அதற்கு அவரே ஒரு விதி எழுதியிருந்தார்: படத்தின் மொத்த வெளிச்சம் ஓர் அளவைத் தாண்டினால் அந்த நேரம் குப்பை. கழித்ததை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பதரை யார் எண்ணுவார்கள்?

அன்று பள்ளிப் பிள்ளைகள் பார்வையிட வருவதாக இருந்தது. குப்பை எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு படம் கேட்டிருந்தார் டாக்டரம்மா. நம் பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளையையும், அதை ஒட்டி விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களையும் ஐந்து வருடமாக ஆராய்கிறவர். முறம் புடைத்துக் கொடுத்ததை நம்பி, ‘கருந்துளை அமைதியாகக் கிடக்கிறது’ என்று கட்டுரையை முடித்திருந்தார். மூன்று மணிக்கு அனுப்ப வேண்டியது பாக்கி.

குப்பையிலிருந்து கைக்கு வந்த ஒன்றைத் திறந்தார் முறம். படம் வெளுத்திருக்கவில்லை. சுற்றிலும் இருட்டு; நட்டநடுவில், கருந்துளை இருக்கும் இடத்தில், ஒரு புள்ளி மட்டும் தகதகத்தது. நாற்பது நிமிடம் எரிந்து அடங்கியிருந்தது. அடுத்ததைத் திறந்தார், வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. ‘அப்பாடா’ என்று சாய்ந்தவர், அதற்கடுத்ததைப் பார்த்து நிமிர்ந்தார். மறுபடி அதே புள்ளி.

பன்னிரண்டு மணிக்குள் ஐந்து வருடக் குப்பையையும் கிளறிவிட்டார். கணினியை மூடிவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. அந்த நினைப்பு வந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனார்.

“டாக்டரம்மா, கட்டுரை போயிடுச்சா?”

“இன்னும் இல்லண்ணே. குப்பைப் படம் ரெடியா? பிள்ளைங்க பயந்துடப் போறாங்க.”

“அவங்க பயப்பட மாட்டாங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க.”

அவர் கணினியிலேயே படத்தைத் திறந்து காட்டினார்.

“சூரியப் புயலா?”

“மழை பெஞ்சா ஊரே நனையும்மா. இது ஒரு வீடு மட்டும் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு.”

எந்த வீடு என்று அந்த அம்மா கேட்கவில்லை. திரையில் விரலை வைத்தார், எடுக்கவில்லை.

“எத்தனை தடவை?”

“பதினாலு. எல்லாம் நான் வெட்டி எறிஞ்சதுதான்.”

“இதைத்தாண்ணே அஞ்சு வருஷமா தேடினேன்.”

“தெரியும்மா.”

“தெரியாது. உங்களுக்குத் தெரியாது.” குரல் உயரவில்லை, அதுதான் முறத்தை அறைந்தது. டாக்டரம்மா திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, “எறிஞ்சது எங்க கிடக்குன்னு நானும் ஒரு நாள்கூடக் கேக்கல” என்றார்.

பிறகு கட்டுரையைத் திறந்து தலைப்பை அழித்தார். நாற்காலியை முறத்தின் பக்கம் தள்ளினார்.

“எப்படித் தப்பாச்சுன்னு நீங்களே எழுதுங்க. உங்க பேர் போட்டு.”

தண்டனையா, இடம் கொடுக்கிறாரா என்று முறத்துக்கு விளங்கவில்லை. உட்கார்ந்து தட்டினார்: ‘படத்தின் மொத்த வெளிச்சத்தை அளந்தேன். மையத்தை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் அளந்திருக்க வேண்டும்.’

மூன்றாவது வாக்கியம் வரவில்லை. அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார், அவசரப்படுத்தவில்லை.