குழுவில் நான் போட்ட செய்தி

எங்கள் தொழிலாளர் சட்ட வக்கீல்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் போதும், புதுத் தீர்ப்புகளும் திருத்தங்களும் கொட்டும். ஒருவரும் படிக்கமாட்டார்கள், பாராட்ட மட்டும் தவறமாட்டார்கள்.

விடுப்பில் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். சிக்னல் கிடைக்கும் ஒரே புளியமரத்தடியில் நின்றபோது என் சீனியரின் செய்தி வந்தது: "இனி ஆபீசுக்கு வர வேண்டாம்." முன்னறிவிப்பும் இல்லை, காரணமும் இல்லை. பணிநீக்கத்தை எதிர்த்துக் கோர்ட்டில் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர்! எரிச்சலில் அதை அப்படியே குழுவில் போட்டேன்.

பதில்கள் குவிந்தன. "பயனுள்ள தகவல் சார்." "ஆர்டர் காப்பி இருந்தா போடுங்க."

புளி உலுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து, "இன்னாங்க, வூட்ல எதுனா கெட்ட சேதியா?" என்றார்.

கடைசியாக, "அருமையான பதிவு, நன்றி" என்று ஒன்று வந்தது. அனுப்பியவர் என் சீனியர். அவரும் படிக்கவில்லை.