எட்டுச் சுற்று

தங்கையின் மகளுக்கு முரசுமோட்டையில் கல்யாணம் நடந்தபோது சண்டைக்காலம்; ஊரில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. மேளகாரர் வரவும் வழியில்லை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவரிடம் இரண்டு ரேப் ரெக்கோடர்கள் இருந்தன. இரண்டு சைக்கிள்களை ஸ்ராண்டில் நிறுத்தி, மிதித்து, டைனமோவில் அவற்றைப் பாடவைப்பார். ஒன்றின் சத்தத்தைக் குறைத்து மற்றதைக் கூட்டி, இடைவெளி தெரியாமல் பாட்டை மாற்றுவார்.

ஒரு சைக்கிளில் அவர் மனைவி ஏறினார். மற்றதற்கு ஆள் வரவில்லை. பெண்ணின் தாய்மாமனான நானே ஏறினேன்.

"ஐயா, சினிமாப் பாட்டுன்னா தாள அடி பார்த்து மெதுவா நுழைக்கலாம். நாதஸ்வரம்னா மூச்சு விடுற எடத்துல மாத்தணும். கெட்டிமேளத்துக்கு ரெண்டுமே ஆகாது. முந்தியே ஓடிக்கிட்டு இருக்கணும். நான் சத்தத்தத் திறந்தா போதும்" என்றார் ரெக்கோடர்காரர்.

நான் முதல்நாளே எண்ணி வைத்திருந்தேன். நாடா சரியான வேகம் பிடிக்க எட்டுச் சுற்று மிதிக்கவேண்டும். அதிலிருந்த கெட்டிமேளமோ நாற்பது விநாடிதான். முந்தி மிதித்தால் வீணாகிவிடும். ஐயர் இன்னும் மூன்று வரி சொல்லுவார் என்று கணக்கிட்டு, காலை அசைக்காமல் இருந்தேன்.

ஐயர் அந்த மூன்று வரியையும் விட்டுவிட்டு விரலை உயர்த்தினார்.

"அண்ணை, மிதியுங்கோ!" என்று தங்கை கத்தினாள்.

அவர் மற்றப் பெட்டியைக் குறைக்க, நாதஸ்வரம் நின்றது. மேளம் மாடு முக்குவதுபோல எழும்பியது. ஐந்தாவது சுற்றில் ஆனையிறவுப் பக்கம் ஒரு ஷெல் விழுந்த சத்தம். மற்ற நாளென்றால் யாரும் திரும்பியே பார்த்திருக்கமாட்டார்கள். அதுபோன்ற சத்தம் தாலி கட்டும்போது காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? பந்தலில் எல்லோருக்கும் கேட்டது. தாலி ஏறிவிட்டது.

மாப்பிள்ளையின் தாய் நேரே சைக்கிளடிக்கு வந்தா.

"என்ன இது? தாலி கட்டேக்கை வெடிச்சத்தம்! இவளின்ரை பலன் இப்பிடியோ?"

தங்கையின் முகம் வெளிறியது. அந்த வீட்டில் காலடி வைக்குமுன்பே பிள்ளைக்கு ராசியில்லாதவள் என்று ஒரு பெயர் விழப்போகிறது.

"பெட்டிக் கோளாறும்மா. முந்தியே பார்த்திருக்கணும், என் பிழைதான். பொண்ணு பலனுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல" என்றார் அந்த மனிதர்.

"உதவாத பெட்டியளைத் தூக்கிக்கொண்டு வந்திட்டான்!"

அவா அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனா.

நான் மிதியில் காலை வைத்தபடி நின்றேன். உண்மையைச் சொன்னால் பெண் வீட்டார் கையாலேயே வந்த அபசகுனம் என்பார்கள். பிள்ளைக்காகத்தான் பேசாமல் இருந்தேன். இதை எனக்கே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதன்பிறகு அந்த வட்டாரத்தில் நான்கு கல்யாணங்கள் நடந்தன. ஒன்றுக்கும் அவரைக் கூப்பிடவில்லை.