பாதி மூடிய தார்ப்பாய்

திண்டிவனத்தைத் தாண்டி ஒரு கிறிஸ்தவத் துறவு மடத்தில் தண்ணீர் குடிக்க இறங்கியிருக்கிறேன். முற்றத்தில் நிலக்கடலை, இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, காய்கிறது. வானம் கறுத்துவர, பிரதர் ஒருவர் அவசரமாகத் தார்ப்பாயை இழுத்து மூடுகிறார். பாதி மூடுவதற்குள் ஜெப மணி அடிக்கிறது. அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடக்கிறார்.

“பிரதர், மழை வருதே!”

“மணி அடிச்சா கையில இருக்கறத வுட்டுடணுங்க, இங்க அதான் சட்டம். முன்னெல்லாம் எதுக்கெடுத்தாலும் பயந்துக்கினு தூக்கமில்லாம கெடந்தேன். இப்படி வுட்டு வுட்டுத்தான் சரியாப்போச்சி. மல்லாட்டைய ஆண்டவர் பாத்துக்குவாரு.”

உள்ளே பாட்டு, வெளியே தூறல். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஓடிப்போய் மீதியை நானே மூடி முடிப்பதற்குள் தூறல் பெருமழையாகிறது.

ஜெபம் முடிந்து வருகிறார். சொட்டச் சொட்ட நனைந்தபடி, நன்றி சொல்வார் என்று நிற்கிறேன். அவரோ வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் சிரிக்கிறார்.

“பாத்தீங்களா, ஆளையே அனுப்பிட்டாரு!”