எங்கள் கம்ப்யூட்டர் ஓடிய வீடு

சேவியர் அண்ணா போய்விட்டார். காலையில் அவர் மகன் மெசேஜ் அனுப்பியிருந்தான். மாரடைப்பு.

மேற்குத் தாம்பரத்தில் தன் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று செய்து கொடுத்தார்... அக்காவுக்காக.

அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ. ரயில் ஏறி வேலைக்குப் போக முடியாது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். ஒரு அச்சகத்தில் முந்நூறு பக்கக் கையெழுத்துப் பிரதி கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் அடித்துக் கொடுத்தால் தொடர்ந்து வேலை.

அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

புது மெஷின். முதல் நாளே ஹேங் ஆனது. மவுஸ் அம்பு திரை நடுவில் அப்படியே நிற்கும். இல்லாவிட்டால் நீலத் திரை... அடித்த பக்கம் போய்விடும்.

அக்கா வரிக்கு ஒரு தடவை சேவ் செய்யப் பழகினாள். சேவ் செய்யும்போதே நின்றது.

சேவியர் அண்ணா மொபெட்டில் வருவார். தன் வீட்டு மெஷினில் இருந்து ஒரு பார்ட்டைக் கழற்றி எடுத்து வந்து இதில் மாட்டுவார். எங்களுடையதைக் கொண்டுபோய் அங்கே மாட்டிப் பார்ப்பார். ஒரு தடவைக்கு ஒன்றுதான். அப்போதுதான் கோளாறு எதில் என்று பிடிபடுமாம்.

ரேம். ஹார்ட் டிஸ்க். மதர்போர்டு... அவர் பக்கத்தில் இருக்கும் வரை ஒழுங்காக ஓடும்.

"நீங்க கிளம்பினதும்தாண்ணா இது நிக்குது. பேசாம இங்கயே இருந்துடுங்க" என்றாள் அக்கா.

"அப்புறம் என் ஒய்ஃப் என்னையே கழட்டி மாட்டிடும் தங்கச்சி."

அக்கா சிரித்தாள். அப்பா பேப்பரில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஆறு வாரம் இப்படி. கடைசியில் கேபினெட்டையும் மாற்றினார். இரண்டு நாள் கழித்து வந்தவர் உட்காரவே இல்லை.

"சார், என் வூட்ல இப்ப ஓடிக்கினு இருக்கறது ஃபுல்லா உங்க மெஷின். ஒரு தபா கூட ஹேங் ஆவல. இங்க கீறது ஃபுல்லா என்னுது. இது நிக்குது. கோளாறு மெஷின்ல இல்ல சார்... உங்க கரண்ட்ல கீது."

புது மனைப்பிரிவு. கம்பத்தில் இருந்து எங்களுடையதுதான் கடைசி வீடு. ஸ்டெபிலைசர் வைத்துப் பார்த்தாயிற்று. எர்த்துக்குக் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டியாயிற்று.

"தங்கச்சி என் வூட்டுக்கு வந்து அடிக்கட்டும் சார். எங்கம்மா கீறாங்க, ஒய்ஃப் கீது. இருக்கற ரெண்டு வாரத்துல முடிச்சிடும்."

"பார்க்கலாம்" என்றார் அப்பா.

சேவியர் அண்ணா போன பிறகு அப்பா என்னிடம் கேட்டார். "வயசுப் பொண்ணு. தினமும் இன்னொருத்தர் வீட்ல போய் உக்காந்துட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பெண்ணுரிமை பற்றி செமினாரில் அரை மணி நேரம் பேசியவன்.

"நல்லா இருக்காதுப்பா" என்றேன்.

உள்ளே கீபோர்டு சத்தம் நின்றது. மெஷின் நின்றதா, அவள் நிறுத்தினாளா... போய்ப் பார்க்கவில்லை.

அச்சகத்தில் இருந்து ஆள் வந்து பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். எண்பது பக்கம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

சில வருடம் கழித்து வண்டலூர் பஸ் ஸ்டாப்பில் சேவியர் அண்ணா.

"தங்கச்சி டைப் அடிக்குதா தம்பி?"

"அடிக்குதுண்ணா."

"கரண்ட் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுண்ணா."

"நல்லதாப் போச்சு. உங்க மெஷின்லதான் என் பையன் படிக்கிறான். சூப்பரா ஓடுது."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அப்பாவும் இப்போது இல்லை. முடிச்சூர் வீட்டில் அக்கா தனியாக இருக்கிறாள். போன் செய்து சொன்னேன்.

"எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" என்றாள்.

"நாலு மணிக்கு."

"வந்து என்னையும் கூட்டிட்டுப் போ."

அந்த வீட்டுக்கு அவள் போவது இதுதான் முதல் தடவை.

வருகிறோம், சேவியர் அண்ணா.