சுகுபா மலையில் எதிரே வந்தவர்

ஜப்பானில் சுகுபா மலைப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் "கொன்னிச்சிவா" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கிய நான், அரை மணி நேரத்தில் நாற்பது பேருக்காவது வணக்கம் சொல்லியிருப்பேன். ஒரே வீட்டில் தங்கியிருந்த மேடத்திடம் மட்டும் மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடம் எங்கள் பெங்களூரு அலுவலகத்தில் டீம் லீட், காக்ஸ் டவுன்காரர். கிளையன்ட் வேலைக்காக எங்கள் இருவரையும் அங்கே அனுப்பியிருந்தார்கள். வந்த முதல் வாரமே, தான் செய்த பிழையைக் கூட்டத்தில் என் தலையில் கட்டிவிட்டார். ஊர் திரும்பியதும் வேலையை விட்டுவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். ஆனாலும் ஒரே குக்கரில்தான் சோறு வைத்தோம். ரசம் வைத்தால் எனக்குப் பாதியை அடுப்பிலேயே விட்டுப் போவார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பேன். ரோஷம் வேறு, பசி வேறு.

அவரும் அதே மலைக்குத்தான் வந்திருக்கிறார் என்பது ஒரு வளைவில்தான் தெரிந்தது. முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு படியாகக் காலைப் பார்த்து இறங்கி வந்தவர், நிமிராமலே "கொன்னிச்சிவா" என்றார். பழக்கதோஷத்தில் நானும் சொன்னேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தோம். முன்பின் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் சொன்னது எனக்கே சுருக்கென்றது. ஆனாலும் நிற்காமல் மேலே நடந்தேன்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மேடம் திரும்பி ஏறிக்கொண்டிருந்தார்.

"மேல பூ இருக்கிற எடம் உனக்குத் தெரியாது, வா," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அன்னிக்குத் தப்பு என்னோடது. பயந்துட்டேன்," என்றார்.

உச்சிக்கு அருகே மரத்தடியில் கட்டகுரிப் பூக்கள் இளம் ஊதாவில் தலை கவிழ்ந்து நின்றன. ஏப்ரலில் சில நாட்கள்தான் பூக்குமாம். "அழகா இருக்கு மேடம்," என்றேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டு, குளிர் ஜாஸ்தி என்றார்.

இப்போது பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் ஏறுகிறவர்கள் போனைத்தான் பார்க்கிறார்கள். அந்த மலைக்காக மனசு ஏங்கிப் போகிறது. மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோது, அன்று இரண்டாம் தடவை ஏறியதில் வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்காம? உயிரே போச்சு. ஆனா நான் பாட்டுக்கு எறங்கியிருந்தா, நீ அப்புறம் என்கூடப் பேசியே இருக்க மாட்ட."

அப்படியெல்லாம் இல்லை மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சொன்னது சரிதான். பேசியிருக்க மாட்டேன்.