மணலோரம் விட்ட செருப்பு

அத்தை குனிந்து செருப்பின் வாரைக் கழற்றிய விதம் எனக்கு இன்னும் துல்லியமாக நினைவிருக்கிறது. தார்ச்சாலை முடிந்து மெரினாவின் மணல் தொடங்கும் இடத்தில், ஒரு சிமெண்டுத் திட்டின் அடியில், இரண்டையும் நெருக்கமாகச் சேர்த்து, முனைகள் சாலையைப் பார்க்கும்படி வைத்தாள். என் செருப்பையும் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் அதே திசையில் வைத்தாள். கள்ளக்குறிச்சிக்கு அருகே எங்கள் ஊரான வடக்கனந்தலில் கழனிக்குப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். செருப்புக் காலோடு யாரும் நிலத்தில் இறங்குவதில்லை. வரப்பு தொடங்கும் இடத்தில் கழற்றி, திரும்பும்போது அப்படியே மாட்டிக்கொள்ளத் தோதாக வீட்டுத் திசை நோக்கி வைத்துவிட்டு இறங்குவார்கள். பொழுது சாயும்வரை அவை அங்கேயே கிடக்கும், எவரும் தொடமாட்டார்கள். அந்த மணல்வெளியும் அத்தையின் கண்ணுக்கு உழுது போட்ட நிலமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் கடைசித் தங்கையான அத்தைக்கு இருபத்திரண்டு. கல்வராயன் மலையில் செவிலியர் வேலைக்கு அவளுக்கு ஆணை வந்திருந்தது. சான்றிதழ் ஒன்றில் விடுபட்டிருந்த முத்திரையைச் சென்னையில் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை மாலைக்குள் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் சேர வேண்டும். தவறினால் ஆணை செல்லாது. மணமாகாத பெண்ணைத் தனியே வெளியூர் அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மல்லாட்டை என்னும் நிலக்கடலையைப் பிடுங்கும் நேரமாதலால் ஆண்களில் ஒருவருக்கும் கை ஒழியவில்லை. ஆகவே என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். அந்தத் துணை போகும் வழியெல்லாம் அத்தையின் மடியில் தூங்கிற்று.

புதன்கிழமை மதியமே முத்திரை கிடைத்துவிட்டது. மூன்று மணிப் பேருந்துக்கு நேரமிருந்தது. கடலைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று நடைபாதையிலேயே உட்கார்ந்துகொண்டது நான்தான். "ஒரு மணி நேரந்தாண்டி. அப்பறம் அழுவக் கூடாது," என்றாள் அத்தை.

கடலைப் பற்றி நான் படித்த எதுவும் அந்த முதல் பார்வைக்கு உதவவில்லை. வெயில் நீரின் மேல் விழாமல் நீருக்குள்ளிருந்து மேலே வருவதுபோல் இருந்தது. அலை பின்வாங்கும்போது காலடி மணல் மெல்லக் கரைந்து, நின்ற இடத்திலேயே நான் எங்கோ போய்க்கொண்டிருந்தேன். அத்தை சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, வெகுநேரம் எதையோ தேடுகிறவளாக இடமும் வலமும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இவ்ளோ தண்ணிக்கி மதகு எங்கடி வெச்சிருப்பாங்க?"

திரும்பி வந்தபோது திட்டின் அடியில் செருப்புகள் இல்லை. திட்டு தவறியிருக்குமோ என்று அடுத்த திட்டுக்கும் அதற்கடுத்ததற்கும் ஓடினோம். சுண்டல் விற்றவர் எங்களை வேடிக்கை பார்த்துவிட்டு, "செருப்பக் கைல எடுத்துக்கினு போவணும்மா. எந்த ஊரு?" என்றார்.

"கள்ளக்குறிச்சிங்க."

"அங்கெல்லாம் கடல் இல்லியா?"

"இருந்தா இங்க இன்னாத்துக்குங்க வரோம்?" என்றாள் அத்தை. ஆனால் அவள் குரல் இறங்கியிருந்தது. வேலையில் சேருவதற்கென்றே வாங்கிய செருப்பு அது. தேடியதில் மூன்று மணிப் பேருந்தும் போயிற்று. இரவுப் பேருந்தில்தான் ஏற முடிந்தது. என்னை அவள் ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. அதைவிடக் கடிந்திருக்கலாம்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. தியாகதுருகத்தின் அருகில் பேருந்து நின்றிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியிருந்தது. எதிரே புளிய மரங்கள் வெட்டுண்டு குறுக்கே கிடந்தன. ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கிவிட்டார். மூன்று மணிப் பேருந்தில் வந்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்போம் என்பது எனக்கும் புரிந்தது. அத்தை காகிதங்களை மாராப்புக்குள் செருகிக்கொண்டு, "நடப்பியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் மரத்தின் மீது ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர், "இன்னாம்மா, கொழந்தையக் கூட்டிக்கினு எங்க போறீங்க? எதுவும் போவாது இன்னைக்கி," என்றார்.

"கள்ளக்குறிச்சிக்குங்க. இன்னைக்கே வேலையில சேரணும். நர்ஸு வேலை."

"வேலை வோணும்னுதாம்மா நாங்க ரோட்டுல குந்திக்கினு இருக்கோம். நீ வேலைக்குப் போவ எங்ககிட்டியே வழி கேக்குற."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். நான் அவள் விரலை இறுகப் பற்றினேன்.

"வழி வுட்டீங்கன்னா நாளைக்கி உங்க வூட்டுப் புள்ளைங்களுக்கும் நாந்தான் ஊசி போடப் போறேன்," என்றாள்.

"ஊசின்னு பயங்காட்டாதம்மா," என்று ஒருவர் சிரித்தார். துண்டு கட்டியவர் அவள் பாதங்களைப் பார்த்தார். "செருப்பு இன்னா ஆச்சு?"

"கடலுக்குக் குடுத்துட்டோங்க."

சிரிப்பினூடே என்னைத் தூக்கி அடிமரத்துக்கு அப்பால் இறக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகான சாலையை நான் இன்றும் கனவில் காண்பதுண்டு. வண்டி ஒன்றுமில்லை, அத்தனை அகலமும் எங்கள் இருவருக்கே. உச்சிக்கிளைகள் தரையில் கிடந்தன. எவரும் ஏறிப் பார்த்திராத ஒரு காக்கைக் கூடு என் கண்ணுக்கு நேரே இருந்தது. காதுக்குள் அலை ஓயவில்லை. வெயில் ஏறியதும் தார் சுட்டது. இலைகள் உதிர்ந்து கிடந்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம். நடந்து களைத்தபோது அத்தை என்னை முதுகில் ஏற்றிக்கொண்டாள். அவள் குதிகால் வெடித்திருந்ததை நான் அப்போது அறியவில்லை.

அலுவலகத்தை அடைந்தபோது மதியம் கடந்திருந்தது. வாசற்படியில் அத்தை தயங்கி நின்றாள். முதல் நாளே வெறுங்காலோடு போய் நிற்பதா என்ற கூச்சம் அவளை அங்கே நிறுத்திற்று. அப்போதுதான் இருவருமே படியோரத்தைக் கவனித்தோம். உள்ளே போனவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டிருந்தார்கள். அத்தை குழாயடியில் கால் கழுவினாள். அந்த வரிசையைக் கடந்து, எவருக்கும் எதுவும் தெரியாதவாறு உள்ளே சென்று கையெழுத்திட்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது, அதிலிருந்து இரண்டு புளிய இலைகள் விழுந்தன.

அத்தை இன்றும் மலையில்தான் வேலை பார்க்கிறாள். நான் சென்னையில் இலக்கியம் படிக்கிறேன். மணலில் இறங்கும்போது மற்றவர்களைப்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். சென்ற மாதம் அவள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். மெரினாவுக்குப் போனோம். சாலையோரத்தில் குனிந்து, வாரைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்தாள்.

"கைல எடுத்துக்கங்க அத்தை. காணாமப் போயிடும்."

"போனா போவட்டும்டி. அது இல்லாம ஊரு போய்ச் சேந்தவதானே நானு."

நானும் குனிந்து கழற்றினேன். பிறகு என் செருப்பையும் அவற்றின் அருகில் வைத்தேன்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தோம். இரண்டு சோடிகளும் சாலையைப் பார்த்தபடி அங்கேயே கிடந்தன. அத்தைக்கு அதில் ஒரு சிறிய ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது.