மைக் பட்டனும் என் முட்டியும்

போன வாரம் ஒரு காலை. கே.கே. நகரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில், மௌஸும் கையுமாக முட்டி போட்டிருந்தேன். சிரிக்காதீர்கள்... நிலைமை அப்படி.

என் மனைவி ஸ்டெல்லா ஸ்கூல் டீச்சர். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் கடிதம் வருமா என்று காத்திருக்க வேண்டும். இப்போது இன்னொரு பள்ளியில் நிரந்தர வேலை, ஆன்லைன் இன்டர்வியூ. விட்டால் மறுபடி எப்போது வருமோ!

முதல் கேள்வியே, அடங்காத மாணவனை எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதுதான். ஸ்டெல்லா பிரமாதமாகப் பதில் சொன்னாள். திரையில் இன்டர்வியூ எடுத்த மூன்று பேரும் காதைத் தொட்டுக் காட்டினார்கள். மைக் அணைந்து கிடக்கிறது!

மைக் பட்டனோ விண்டோவின் கீழ் விளிம்பை ஒட்டிக்கொண்டு இருந்தது. அவள் குனிந்து, உற்றுப் பார்த்துக் கிளிக் செய்யப் போயிருந்தால், அவர்களுக்கு நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும். சிரித்த முகம் மாறாமல், பல்லைக் கடித்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க... கொஞ்சம் வாங்களேன்."

கேமராவில் விழாமல் முட்டி போட்டு, மௌஸை வாங்கினேன். பட்டனுக்குக் கிட்டே போனதுமே அம்புக்குறிக்கு இரண்டு தலை முளைத்தது. கிளிக் செய்தால் விண்டோ நீள்கிறது. மறுபடி செய்தால் சுருங்குகிறது. மயிரிழை கீழே போனேன் — பின்னால் திறந்து வைத்திருந்த, நான் பாதி எழுதிய கட்டுரை முன்னால் குதித்து, மூன்று பேரையும் மறைத்துவிட்டது. ஸ்டெல்லா என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள்.

எப்படியோ அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். நடுவில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், இன்னும் ஒரு நிமிஷம் பாக்கறோம். அப்புறம் அடுத்தவங்களைக் கூப்பிடணும்."

இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்ப வரலாமா? உள்ளே விடாவிட்டால்? ஸ்டெல்லாவின் கண் கலங்கிவிட்டது, உதடு மட்டும் சிரிக்கிறது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு பட்டனால் இவள் வேலை போவதா? இந்த விளிம்பைக் கண்டுபிடித்தவன் யாரடா! கண்ட இடத்தில் கிளிக்... கிளிக்... கிளிக். வாயும் சும்மா இல்லை.

"மாதாவே, இது எங்கதான் அமுங்கும்? முட்டி போட்டு முட்டி போட்டு காலே போச்சு ஸ்டெல்லா..."

திரையில் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மேடம், இப்ப நல்லா கேக்குது," என்றார் நடுவில் இருந்தவர். "முதல்ல அவரை எழுந்திரிக்கச் சொல்லுங்க."

எந்தக் கிளிக் பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுந்து, கேமராவுக்கு அசட்டுத்தனமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன். அவர் பழைய கேள்வியையே திரும்பக் கேட்டார். அடங்காத மாணவனை எப்படிச் சமாளிப்பீர்கள்?

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பழக்கம்தான் சார்."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு அரை மணி நேரம் அவள் பேசினாள், அவர்கள் கேட்டார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. எந்தப் பதிலுக்காகக் கொடுத்தார்கள் என்று மட்டும் நான் விசாரிக்கவில்லை.